டயருக்குள் விட்ட தண்ணீர்

சுவிஸில் வேலை தேடி நான் இன்டர்லாக்கனிலிருந்து லுசேர்ண் போன ரயிலில், எனக்கு முன்னால் இரண்டு யாழ்ப்பாணத்தார் இருந்தார்கள். இளையவன் மலைப் பண்ணையொன்றில் வேலை செய்பவன்.

"ஐஸில டிராக்டர் வழுக்குது எண்டு முதலாளி புறுபுறுத்தவர். நேற்றுப் பின்னேரம் பின் டயர் ரெண்டுக்கும் தண்ணி விட்டனான், அண்ணை."

"வெறும் தண்ணியோ?"

"ஓம். ஊரில வயல் சேத்துக்கு அப்பிடித்தானே விடுறனாங்கள். பாரம் கூடினால் டயர் பிடிக்கும்."

"விசரா, பரந்தன் வயலில தண்ணி உறையிறதோ? இஞ்ச உறையாமல் இருக்க மருந்து கலந்தெல்லோ விடவேணும்! இப்ப உள்ளுக்க முழுக்க ஐஸ்கட்டி. டயர் கல்லு மாதிரி இருக்கும், இறக்கத்தில பிடிக்காது. அவருக்குத் தெரியுமோ?"

"சொல்லேல்லை. நல்லா ஓடினாப்பிறகு சொல்லுவம் எண்டு இருந்தனான்." இளையவனின் குரல் இறங்கியது. "இண்டைக்கு நாலு மணிக்கு டிராக்டரில தன்ர மனிசியையும் ஏத்திக்கொண்டு மலையால பால் இறக்கப் போவார்."

"அடுத்த ஸ்டேஷனில இறங்கிப் போன் எடு."

"வேலையால நிப்பாட்டினால் என்ர விசா?"

"அதுகள் ரெண்டும் பள்ளத்தில கிடந்தால்?"

ரயில் நின்றதும் இளையவன் இறங்கி ஓடினான். கண்ணாடிக் கூண்டுக்குள் சில்லறை போட்டு எண்களை அழுத்தினான். நாங்கள் புறப்பட்டபோதும் ரிசீவரைக் காதில் வைத்தபடியே நின்றான். மறுமுனையில் யாரும் எடுக்கவில்லைப் போலும், அவன் வாய் அசையவில்லை.