டவர் இல்லாத ஊரின் ஜிஎஸ்டி

"தப்பு என்னோடதுதாண்ணே. ஆனா அபராதம் நீங்கதான் கட்டணும்."

மன்னவனூரிலிருந்து வரும் காலைப் பஸ்ஸில் எனக்குத் தூக்கம் கலைந்தது. முன் சீட்டில் ஓர் உரக்கடைக்காரர். பக்கத்தில் அவருக்கு ஜிஎஸ்டி கணக்கு தாக்கல் செய்யும் ஆடிட்டர்.

"நோட்டீஸ் வந்தவொடனே சொல்லியிருந்தா வெரசா சரி பண்ணியிருக்கலாம்ல?"

"மூணு தடவை மெசேஜ் வந்துச்சுண்ணே."

"யாருக்கு வந்துச்சு? எங்க ஊர்ல டவர் கெடைக்காதுன்னு ஒங்க நம்பரத்தான எழுதிக் கொடுத்தோம்?"

ஆடிட்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஏங்க சொல்லல?"

"பயமா இருந்துச்சுண்ணே. ஒங்களுக்குத் தெரியாமலே சரி பண்ணி முடிச்சிரலாம்னு பார்த்தேன்."

பூம்பாறை தாண்டியதும் டவர் கிடைத்தது. ஆடிட்டரின் சட்டைப்பையில் மெசேஜ் வந்த சத்தம் கேட்டது. அவர் எடுக்கவில்லை.

கடைக்காரர் கையை நீட்டினார்.

"கொடுலே. அது எனக்கு வந்ததாத்தான் இருக்கும்."