தங்கைக்கு நான் போட்ட மூன்று

எனக்குப் படிவம் நிரப்பப் பிடிக்கும். என் எழுத்து கட்டத்துக்கு வெளியே போனதே இல்லை. ‘வேறு ஏதாவது சொல்ல விரும்பினால்’ என்று கடைசியில் இடம் விட்டிருக்கிறீர்கள், மேடம். அதனால் சொல்கிறேன்.

என் தங்கைக்குத் தசைச்சிதைவு நோய் என்பது உங்களுக்குத் தெரியும். பதினொரு வயதில் நடை போனது. இப்போது முப்பது, விரல்கள் கொஞ்சம் அசையும், வாய் ரொம்பவே அசையும். பத்தொன்பது வருடமாக ஊட்டுவது, தூக்கி உட்காரவைப்பது, மோட்டார் நாற்காலிக்குச் சார்ஜ் போடுவது எல்லாம் நான்தான்.

ஆஸ்பத்திரியிலிருந்து அவளுடைய வாழ்க்கைத் தரத்தை அளக்க முதல்முறை வந்தீர்கள். அவளுக்கு ஒரு படிவம், அவளைப் பற்றி நான் நிரப்ப இன்னொன்று. கேள்விகள் ஒன்றுதான். பத்துக்கு நான் மூன்று போட்டேன். அவள் ஒன்பது போட்டாள்.

“ஒம்பதா? மூக்குல ஈ உக்காந்தாகூட நான்தானேடி வந்து ஓட்டணும்?” என்றேன்.

“நீதான் வர்றியேண்ணா, அப்புறம் என்ன குறை? அந்த ஒரு மார்க்கும் உன் சமையலுக்காகத்தான் குறைச்சேன்.”

நீங்கள் சிரித்தீர்கள். “ரெண்டும் இவ்வளவு தள்ளி இருக்கே,” என்று என்னைத்தான் பார்த்தீர்கள். எனக்குச் சுருக்கென்றது.

இரண்டும் ஒத்துப்போக வேண்டுமானால் என் எண் ஏற வேண்டும், இல்லை அவள் எண் இறங்க வேண்டும். நான் பொய் எழுதுகிறவன் இல்லை.

சின்னதாகத்தான் தொடங்கினேன். சீட்டாட வரும் அவள் சிநேகிதியிடம், அவள் தூங்குகிறாள் என்று வாசலிலேயே சொல்லி அனுப்பினேன். தலையணையை ஒரு விரற்கடை தள்ளி வைத்தேன். அடுத்த முறை எட்டரை போட்டாள். ஆறு மாத உழைப்புக்கு அரை மதிப்பெண்.

பிறகு வேலைக்கு நேர்காணல் வந்தது, நாலு தெரு தள்ளி. தனியாகவே போவேன் என்றாள். “கெடச்சா நானும் என் சிநேகிதியும் சாய்தளம் வச்ச வீட்டுக்குப் போயிடுவோம். நீயும் கொஞ்சம் வாழுண்ணா.”

முந்தின நாள் சார்ஜரைச் செருகினேன், சுவிட்சைப் போடவில்லை. பேட்டரி அளவு காட்டும் விளக்கு தெரியாதபடி, ‘வெற்றி உனக்கே’ என்று ஒரு வாழ்த்துச் சீட்டு ஒட்டினேன்.

நாற்காலி பெரிய சாலையின் நடுவில் நின்றது. அவள் அழுதால் வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு போகலாம் என்று எதிரே மருந்துக்கடை வாசலில் காத்திருந்தேன். ஒரு லாரி முழ தூரத்தில் நின்றது. அவள் அழவில்லை.

“அண்ணே, ஹாரன் அடிக்கிற நேரத்துக்கு எறங்கி வந்து தள்ளுங்களேன். எனக்கு இன்டர்வியூ!” என்று லாரி டிரைவரிடம் சொன்னாள்.

அவர் தள்ளினார். வேலையும் கிடைத்தது.

அவள் வீடு மாறி நாலு மாதமாகிறது. போகும்போது என்னை ஒன்றும் கேட்கவில்லை. வாழ்த்துச் சீட்டை மட்டும் சிநேகிதியை விட்டு உரிக்கச் சொல்லி, என் மேசையில் ஒட்ட வைத்தாள்.

இந்த முறை பத்து போட்டிருக்கிறாள் என்றீர்கள். பாவம், யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். என்னைப் பற்றியே நிரப்பச் சொல்லி நீங்கள் கொடுத்த இந்தப் படிவத்தில் நான் மூன்று போட்டிருக்கிறேன். அதே கேள்விகள் என்பதால் சீக்கிரம் முடிந்தது.

அவள் புதுச் சார்ஜர் வாங்கிக்கொண்டாளாம். பழையது இங்கே சுவரிலேயே இருக்கிறது. எப்போது திரும்பி வந்தாலும் உதவும் என்று, இப்போதெல்லாம் சுவிட்சைப் போட்டே வைத்திருக்கிறேன்.