சின்னப் படி

அலோ... அலோ... ஆமா, கீரமங்கலம் போஸ்ட் ஆபீசுதான்... நாந்தாங்க, ஞானமணி... ம், கேக்குது, கேக்குது. கத்தாதீங்க... காலையில இருந்து இங்கதான் நிக்கிறேன். போஸ்ட் மாஸ்டர் சார் ஸ்டூலு போட்டுக் குடுத்தாரு, உக்கார மனசு ஓடல... நான் மட்டும் இல்ல. வெளிய வேப்பமரத்தடியில முப்பது பொம்பளைக உக்காந்திருக்காளுக. அழகி சன்னல்லயே மொகத்த வச்சுக்கிட்டு நிக்கிறா... சரி, சொல்லுங்க. தாசில்தார் என்ன சொன்னாரு? பண்ணையார் வந்தாரா?

வந்துட்டாரா!... ஆமா... ஆமா... ஒத்துக்கிட்டாரா? நெசமாவா? இருங்க, இருங்க... அழகி! பண்ணையார் எறங்கி வந்துட்டாராம்டி!... ம், சொல்லுங்க. ஆளுக்கு ஒரு படி கூட... ஆமா... பெரிய படியில நாலு... ஆமா, ஆமா... சரி, எங்களுக்கு?

இல்லங்க, அது ஆம்பளக் கூலி. நடவுக் கூலி என்னாச்சுன்னு கேக்குறேன்... என்ன?... லைன்ல எரச்சலா இருக்கு, திரும்பச் சொல்லுங்க... வழக்கம் போலயா?... அதே சின்னப் படியா?... அடுத்த போகத்துல பேசிக்கலாம்னு சொன்னது யாரு, பண்ணையாரா, நீங்களா?...

இருக்கேன். இங்கதான் இருக்கேன். எங்க போகப்போறேன்.

ஏங்க, ஒன்னு கேக்கவா? எங்களுக்கும் பெரிய படியில அளக்கணும்னுதான ஒம்பது நாளா வயல்ல கால வைக்காம கெடக்கோம்? நடவு நடுறது ஒங்க ஆம்பளைகளா? நாத்து முத்திப் போகுதுன்னுதான அந்த மனுசன் காரப் போட்டுக்கிட்டு ஆலங்குடிக்கு ஓடி வந்தாரு? ஒங்க கோசத்தக் கேட்டா வந்தாரு?... பேசுவேன். அப்படித்தான் பேசுவேன்.

குடும்பத்துக்குத்தான வருதுன்னா? யாரு குடும்பத்துக்கு? காத்தாயிக்குத்தான் புருசன் இல்லயே. அவ புள்ளைக ரெண்டும் ஒம்பது நாளா முருங்கக்கீரையும் உப்பும் தின்னுக்கிட்டுக் கெடக்குதுக. அவ மடியில எவன் வந்து பெரிய படியால அளந்து போடுவான்?...

போன மாசம் சந்தையில நடந்த கூட்டம் நெனப்பிருக்கா? மேடையில ரெண்டு படியையும் வச்சு மண்ணள்ளிக் கொட்டுனோமே? சின்னப் படி மண்ணப் பெரிய படியில கொட்டுனா மூணு வெரக்கட காலியா நின்னுச்சு. நீங்கதான் அதுல வெரல விட்டுக் காட்டி, பாருங்க, பொம்பள ஒழைப்புல இம்புட்டையும் திருடித் தின்னுருக்காங்கன்னு பேசுனீங்க. அப்படி ஒரு கைதட்டு. எனக்கே கண்ணு கலங்கிருச்சு... இன்னைக்கு அந்த மூணு வெரக்கடையத்தான் விட்டுக்குடுத்துட்டு வந்து நிக்கிறீங்க.

எக்சேஞ்சா? இல்லம்மா, இன்னும் பேசி முடிக்கல, வெட்டிராதீங்க... ம், அலோ.

சரி, மாதர் சங்கத்துக்குச் சம்மதமான்னு தாசில்தார் கேக்கலயா?... கேட்டாருல்ல... தலைவி கையெழுத்து வேணும்னாரா... யாரு போட்டா?... யாருங்க போட்டா?

என் பேர்லயா?

என் பேர நீங்களே எழுதிப் போட்டீங்களா?... எம் பொண்டாட்டிதான, நான் போட்டா என்னன்னு கேட்டீங்களா. அவரும் சரின்னுட்டாரா... சிரிச்சாரா. பண்ணையாரும் சிரிச்சாரா. நீங்களும் கூடச் சேந்து சிரிச்சிருப்பீங்க.

அழுகல. நான் ஏன் அழுகணும்?

புதுக்கோட்டை ரிஜிஸ்தர் ஆபீசு மறந்துருச்சா?... ஆமா, நம்ம கல்யாணத்தன்னைக்கு. கிளார்க்கு, வெரலக் குடும்மான்னு மை தடவ வந்தாரு. நீங்க குறுக்க வந்து, அவங்களுக்கு எழுதத் தெரியும், அவங்க கையெழுத்த அவங்கதான் போடணும்னீங்க. கோயில்ல வச்சுக் கட்டலன்னு ஆவூருல எங்கப்பா கதவச் சாத்துனாரு. எங்காத்தா செத்தப்பக்கூட என்னைய வாசல்லதான் நிறுத்துனாக. அம்புட்டையும் பொறுத்துக்கிட்டது ஒங்க அந்த ஒரு வார்த்தைக்காகத்தான்... நான்தான் மடச்சி. கூட்டத்து நோட்டீசுல திருமதி சந்தனராஜ்னு அச்சடிச்சப்பவே முழிச்சிருக்கணும். எடம் பத்தலன்னீங்க. ஞானமணின்னு நாலு எழுத்துக்கு எடம் பத்தல, ஒங்க பேருக்குப் பத்துச்சு.

என்ன?... நான் சொல்லணுமா? நான் போயி இவளுககிட்ட, கெடச்ச மட்டும் போதும், நாளைக்கு நடவுக்கு எறங்குங்கடின்னு... நான் சொன்னா கேப்பாளுகன்னா? ஆமா, கேப்பாளுக. என்னைய நம்பி வந்தவளுக, கேப்பாளுக. அதுக்குத்தான் நான் வேணும் ஒங்களுக்கு.

கொஞ்சம் இருங்க. இந்தப் போனச் சன்னலுப் பக்கம் நீட்டுறேன்... கேட்டுச்சா? குலவ போடுறாளுக. எறங்கி வந்துட்டாருன்னு நான் கத்துனேன்ல, அழகி ஓடிப்போயிச் சொல்லிருக்கா, பெரிய படி கெடச்சிருச்சுன்னு நெனச்சுட்டாளுக. காத்தாயி எந்திரிச்சு நின்னு போடுறா. அவளப் பாத்து என்னத்தச் சொல்லச் சொல்றீங்க?...

போஸ்ட் மாஸ்டர் சார், ஒரு தந்தி பாரம் குடுங்க... பேசிக்கிட்டுத்தான் இருக்கேன், பரவால்ல, குடுங்க... ஆமாங்க, தந்திதான். தாசில்தாருக்கு. நீங்களும் கேட்டுக்கங்க. சார், நான் சொல்றத இங்கிலீசுல எழுதிக்கங்க. மாதர் சங்கம் சம்மதிக்கல. என் பேர்ல இருக்கிற கையெழுத்து நான் போட்டதில்ல. பெரிய படி கெடைக்காம நடவு கெடையாது...

ஆமா, தெரியும். கள்ளக் கையெழுத்துன்னு கேசாகும். ஒங்கள உள்ள வைப்பாங்க. சங்கத்து மானம் போயிரும். எல்லாந் தெரியும்... எனக்கும் வலிக்குதுங்க. மூணு வருசமா ஒரே வட்டில்ல தின்னுருக்கோம், எனக்கு வலிக்காதா?...

அப்ப ஒன்னு செய்யுங்க. தாசில்தார் இன்னும் ஆபீசுலதான இருப்பாரு? இப்பவே போங்க. போயி, நான் போட்டது தப்பு, அவளக் கேக்காமப் போட்டுட்டேன், அந்தத் தாளக் கிழிச்சுருங்கன்னு ஒங்க வாயால சொல்லுங்க. நான் தந்தி அடிக்கல. ஒங்கள ஒரு வார்த்த கேக்கல. ராத்திரி சோறு ஆக்கி வச்சுக் காத்துக்கிட்டு இருக்கேன்... போறீங்களா?... சுத்தி வளைக்காதீங்க. போறீங்களா, இல்லயா?... சொல்லுங்க...

அலோ... அலோ...

இல்லங்க சார், லைன் கட்டாகல. அவருதான் வச்சுட்டாரு.

எழுதிட்டீங்களா?... ஆமா, அனுப்பிருங்க... கீழ பேரா? ஞானமணி... இல்லங்க, அவரு பேரு வேணாம்... கையெழுத்தா? பேனாவ இங்கிட்டுக் குடுங்க சார். நானே போடுறேன்.