ஏழாம் எண்காரன்

டீக்கு நன்றி, இன்ஸ்பெக்டர் ஐயா. ஆனால் கோப்பை கழுவிய தொட்டியிலேயே நீங்கள் கையும் கழுவினீர்கள். எங்கள் ஜிப்சி சனம் அந்தக் கோப்பையில் குடிக்காது. மற்றபடி எனக்கு ஒரு குறையும் இல்லை.

இங்கிலாந்தில் நாங்கள் எங்கே வீட்டுவண்டியை நிறுத்தினாலும் சட்டம் வந்து கதவைத் தட்டும். என் மகள் மிசெல்லியை ஒரே வருடத்தில் பதினேழு இடங்களிலிருந்து கிளப்பினார்கள், நெஞ்சுச் சளி பிடித்த கைக்குழந்தையோடு. கவுன்சில் கட்டிய எங்கள் முகாமில் இடம் பன்னிரண்டு. காத்திருப்போர் பட்டியலில் அவள்தான் முதல். யாராவது செத்தால் கிடைக்கும். ஒருவரும் சாகிற மாதிரித் தெரியவில்லை. பக்கத்துச் சாக்கடைச் சுத்திகரிப்பு நிலையத்துக் காற்று உடம்புக்கு நல்லது போலிருக்கிறது.

ஏழாம் எண் இடத்துக்காரன் தனிக்கட்டை. இடுப்பு முறிந்து ஆஸ்பத்திரிக்குப் போனான். இரண்டாம் வாரம், அவன் செத்துவிட்டதாகச் சொன்னேன்.

"பொணம் எங்க மாமா?" என்றாள் பக்கத்து வண்டி வஷ்டி.

"தொத்து வியாதியாம். தரமாட்டாங்களாம்."

"முந்தாநேத்துகூட போன்ல என்னை வம்பிழுத்தானே?"

"வம்பிழுக்கறவன் சாகக்கூடாதுன்னு சட்டமா?"

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். ஆனால் செத்தவன் பெயரை நாங்கள் வாயில் எடுப்பதில்லை. மேற்கொண்டு கேட்க வழியில்லை. வழக்கப்படி அவன் வண்டியை, கட்டிலை, பீங்கான் தட்டுகளை எல்லோருமாகச் சேர்ந்து எரித்தோம். வஷ்டிதான் முதலில் கொளுத்தினாள். முகாமைக் கவனிக்கிற கவுன்சில் அம்மாள் சாம்பலைப் பார்த்துத் தலைகுனிந்தார். எங்கள் வழக்கத்தை அவருக்கு வகுப்பு வைத்துச் சொல்லிக்கொடுத்திருந்தார்களாம். இறப்புச் சான்றிதழ் கேட்பது மரியாதையில்லை என்று விட்டுவிட்டார். மிசெல்லி குடிவந்தாள். குழந்தைக்குச் சளி குறைந்தது.

ஜனவரியில் ஒரு மதியம் அவன் கைத்தடியோடு வந்து நின்றான்.

"டேய், என் வண்டி எங்கடா?"

எல்லா வண்டியிலும் திரை இறங்கியது. கொளுத்தாத கை ஒன்றும் அங்கே இல்லை.

"இவரத் தெரியுமா?" என்று அன்று முகாமுக்கு வந்திருந்த கவுன்சில் அம்மாள் என்னைக் கேட்டார்.

"பார்த்ததே இல்லீங்க."

அவன் சிரித்தான். நான் வழக்கம்போல் கதைவிடுகிறேன் என்று நினைத்திருப்பான். யாரும் கூடச் சிரிக்கவில்லை. கைத்தடியை ஊன்றிக்கொண்டு பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தான்.

மூன்றாம் நாள் அங்கேயே குளிரில் விறைத்துச் செத்துக் கிடந்தான் என்கிறீர்கள். ஆக, நான் சொன்னது பொய்யில்லை. ஒரு மாதம் முந்திவிட்டது, அவ்வளவுதான். எல்லாம் நான் செய்ததுதான், எழுதிக்கொள்ளுங்கள். அவன் பெயரை மட்டும் கேட்காதீர்கள், ஐயா. செத்தவனை அவமதிக்கிற பழக்கம் எனக்கில்லை.