பழைய நேரம், புதிய நேரம்

ஷெல் குத்துகிற சத்தம். ஏவுகிறார்கள். முன்னுக்கு. இரண்டு. கூவிக்கொண்டு வருகிறது. என் மணிக்கூட்டில் ஒன்பது முப்பத்தொன்று.

"படுங்கோ! நிலத்திலை படுங்கோ!"

நான்தான் கத்துகிறேன். மகளை மணலில் அமத்தி, அவள்மேல் கிடக்கிறேன். வெடிக்கிறது. மண் மழைபோலக் கொட்டுகிறது. காதுக்குள் ஒரே இரைச்சல். மூன்றாவது, பாலை மரத்தடியில்.

பாலை மரத்தடியில்தான் என் மனைவி றெஜினா இருந்தாள்.

தொண்ணூறுகளின் கடைசி. ஆவணி மாதம், வியாழக்கிழமை. மன்னார்ப் பக்கம், ஒரு மணல் ரோட்டு.

அப்போது எங்கள் சின்ன மண்ணில் இரண்டு ராச்சியம். ஒன்று ஆமியுடையது. மற்றது இயக்கத்துடையது. நடுவில் வெறும் தரை. இரண்டுக்கும் வேறு பொலிஸ், வேறு நீதிமன்றம், வேறு பாஸ். நேரமும் வேறு. கொழும்பு மணிக்கூட்டை அரை மணித்தியாலம் முன்னுக்கு விட்டது. இயக்கம் விடவில்லை. அங்கே பத்து என்றால், இயக்கத்தின் பக்கமிருந்த எங்கள் ஊரில் ஒன்பதரை. சனம் அதைப் புதிய நேரம், பழைய நேரம் என்றது.

பத்து நாளாய் எங்கள் ஊரில் ஷெல்லடி. புதன் பின்னேரம் மாதா கோயிலில் பங்குச் சுவாமி ஒரு கடிதம் வாசித்தார். ஆமிப் பக்கத்திலிருந்து வந்த கடிதம். நாளை காலை எட்டிலிருந்து பத்து வரை சுடமாட்டார்கள். சனம் கடக்கலாம். எந்த எட்டு, எந்தப் பத்து என்று அதில் இல்லை. நான் கேட்கவும் இல்லை. எங்கள் கோயிலில் வாசித்தால் எங்கள் நேரம்தானே என்று நினைத்தேன்.

நாற்பது பேர் நடந்தோம். மணிக்கூடு கட்டியிருந்தது நான் ஒருவன்தான். ஒன்பது பத்துக்கு, கால் சுடுகுது என்று மகள் அழுதாள். மாமாவுக்கு, றெஜினாவின் தகப்பனுக்கு, மூச்சு வாங்கியது.

"இருந்திட்டுப் போவம். இன்னும் அம்பது நிமிசம் கிடக்கு" என்றேன்.

மீன் விற்கிற பிலோமினாக்கா திரும்பிப் பார்த்தா. "தம்பி, அது பழைய நேரமோ, புதிய நேரமோ?"

"பழையதுதான் அக்கா."

"ஆர் சொன்னது?"

"நான் சொல்லுறன்."

"நீ உன்ர மணிக்கூட்டை நம்பு. நான் என்ர காலை நம்புறன்."

கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தா. மற்றவர்களும் அவவுக்குப் பின்னால் போனார்கள். ஒன்பது பேர் பாலை மர நிழலில் இருந்தோம்.

றெஜினா சிரித்தாள். "கலியாணத்துக்கே பிந்தி வந்த மனுசன். இவரின்ர மணிக்கூட்டை நம்பி இருக்கிறம்." அதுதான் அவள் கடைசியாய்க் கதைத்தது. நான் மகளைத் தூக்கிக்கொண்டு பக்கத்துக் கேணியில் அவள் காலைக் கழுவப் போனேன்.

பிறகுதான் அந்தச் சத்தம்.

ஒஸ்லோவுக்கு வந்தபின் ஒவ்வொரு வருடமும் நினைவு நாளில் என்னைப் பேசச் சொல்லுவார்கள். "நேரத்துக்கு முன்னமே அடிச்சவங்கள்" என்று சொல்லுவேன். சனம் அழும். அது பொய். அவர்கள் தங்கள் பத்து மணிக்குத்தான் அடித்தார்கள். அதனால் அது பாவமில்லை என்று ஆகாது. ரோட்டில் போவது சனம் என்று அவர்களுக்குத் தெரியும். எங்கள் பக்கத்தாரும் எந்த நேரமென்று எங்களுக்கு விளங்கச் சொல்லவில்லை. மற்றவனுடைய நேரத்தைச் சொன்னால் ராச்சியத்துக்கு மரியாதை குறைந்துவிடும்.

சில வருடத்தில் கொழும்பும் மணிக்கூட்டைப் பழைய நேரத்துக்கே திருப்பியது. நான் அப்போது இங்கே ஒரு சமையற்கூடத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு ராச்சியம் கடற்கரையில் ஒரு துண்டு மணலில் முடிந்தது. வென்ற ராச்சியம் பிறகு எண்ணெய்க்கும் அரிசிக்கும் வரிசையில் நின்றது.

பாவசங்கீர்த்தனத்தில் ஒருமுறை சொன்னேன். நோர்வேக்காரச் சுவாமி. என் அரைகுறை நோர்ஸ்க்கில் மணிக்கூட்டுக் கதை அவருக்கு விளங்கவில்லை. ஆனாலும் மன்னிப்புக் கொடுத்தார். மனுசரிடம் சொல்லவில்லை.

இந்தப் பங்குனி, கடைசி ஞாயிறு. பூசை முடிந்து எல்லிங்ஸ்ருட்டில் எங்கள் வீட்டில் இருக்கிறோம். மகள் அஞ்சலா அடுப்பு மணிக்கூட்டை மாற்றுகிறாள்.

"அப்பா, சொம்மர்தீட், கோடை நேரம் தொடங்கிட்டுது. உங்கடையையும் ஒரு மணித்தியாலம் முன்னுக்கு விடுங்கோ."

நான் மணிக்கூட்டைக் கழற்றி மேசையில் வைத்தேன். ஏன் என்று கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கதிரையை இழுத்து இருந்தாள்.

"நான் அழுததாலைதான் நாங்கள் அதிலை இருந்தது எண்டெல்லோ நினைச்சுக்கொண்டிருந்தனான்" என்றாள். "கால் சுடுது எண்டு."

அவளுக்கு அப்போது நாலு வயது. இவ்வளவு காலமும் அதை வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். ஒரே வீட்டில். ஒரே மேசையில் சாப்பிட்டுக்கொண்டு.

"இல்லை பிள்ளை. நீ அழுதால் தூக்கிக்கொண்டு நடந்திருக்கலாம். இருப்பம் எண்டது நான்."

"அப்ப அதை எழுதுங்கோ அப்பா. இந்தமுறை சரியாய்."

எழுதுகிறேன். ஆண்டவர் சாட்சி.

நடந்து போனவர்கள் முப்பத்தொரு பேர். எல்லோரும் கடந்தார்கள். பிலோமினாக்காவும்.

இருந்தவர்கள் ஒன்பது பேர். நானும் மகளும் கேணியடியில் தப்பினோம். இன்னும் இரண்டு பேர் காயத்தோடு தப்பினார்கள்.

தொலைந்தவை: பிறப்புச் சான்றிதழ்கள் வைத்த பை. ஒரு சைக்கிள். றெஜினாவின் தையல் மெஷினின் தலை. அதை அவள் தானே சுமந்து வந்தாள்.

செத்தவர்கள் ஐந்து பேர். றெஜினா, வயது இருபத்தாறு. மாமா சூசைப்பிள்ளை. பக்கத்து வீட்டுச் சவரிமுத்து அண்ணை. அவருடைய மனைவி லூசியா அக்கா.

ஐந்தாவது, வேறு ஊர்ப் பெண். பேர் தெரியாது. என்னை ஒன்றும் கேட்காமல் நம்பி இருந்தவ.