பச்சை விளக்கை நம்பாத வசுந்தரா கெத்லாயா அவர்களுக்கு

மங்களூரு மின்தூக்கி மென்பொருள் கூடத்தின் மாசற்ற மாணிக்கமே! பிழைகளின் பிடரியைப் பிடித்து உலுக்கும் பெருமாட்டியே! எங்கள் வசுந்தரா அக்கா! இருபத்தாறு ஆண்டுகள் எங்களை அதட்டி, அணைத்து, அவ்வப்போது சுடச்சுடக் கோளி பஜே போண்டா வாங்கிக் கொடுத்து ஆளாக்கிய உங்களை மனம் நிறைய வணங்குகிறோம்.

எங்கள் மேசைமேல் லிஃப்ட் கிடையாது. ஆகவே, குறுக்கே வருவதை உணரும் கதவின் கண்ணுக்கு மட்டும் போலி வைத்து, குறுக்கே கை இருப்பதாக அதைப் பொய் சொல்லவைத்து, மற்ற நிரலையெல்லாம் மெய்யாகவே ஓடவிடும் ‘பார்ஷியல் மாக்’ வித்தையை எங்களுக்குக் கற்றுத் தந்தவர் நீங்கள். எதைப் போலியாக்கலாம், எதைத் தொடவே கூடாது என்பதில் உங்கள் கண்டிப்பு எந்த மாமியாருக்கும் வராது!

குழந்தைகள் மருத்துவமனை லிஃப்டை ஒப்படைக்க ஒரு நாள் இருந்தபோது, எல்லாச் சோதனைகளும் ‘தேறியது’ என்று பச்சை காட்டின. நீங்களோ கதவின் நிரலை வேண்டுமென்றே கெடுத்துப் பார்த்தீர்கள். அப்போதும் பச்சை!

“அக்கா, நாளைக்கு ஒப்படைக்கணும். எல்லாம் பச்சையா இருக்கிறப்ப ஏன் வம்பு?” என்று அலறினார் மேலாளர் ரோஹிதாக்ஷ கோட்டியான்.

“கெடுத்த பிறகும் பச்சையா இருக்கே, அதான் வம்பு.”

கண்ணுக்கு வைக்கவேண்டிய போலியை, ‘திரும்பத் திறக்கலாமா’ என்று முடிவெடுக்கும் இடத்திலேயே யாரோ வைத்திருந்தார்கள். மெய்யான முடிவு ஒருமுறைகூடச் சோதிக்கப்படவில்லை. போலியை எடுத்துவிட்டுச் சோதித்தால், கதவு மூடக் கடைசி நான்கு விரற்கடை இருக்கையில், குறுக்கே நிற்கும் கையை அது கண்டுகொள்ளவேயில்லை. ஐயோ, எத்தனை பிஞ்சு விரல்கள்!

அந்தச் சோதனையை எழுதியவர் என்று பதிவேட்டில் இருந்த பெயர் லவீனா பின்டோ. அந்த வாரம்தான் அவருடைய பதவி உயர்வு முடிவாக இருந்தது. எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். ஓய்வுக்குப் பதினோரு நாளே இருந்த நீங்கள் எழுந்தீர்கள்.

“அவளை ஏன் முறைக்கிறீங்க? பழைய கோப்பைப் புது இடத்துக்கு மாத்தினது மட்டும்தான் அவ; அதனால அவ பேரு விழுந்திருக்கு. எழுதினது நான். ஒன்பது வருஷம் முன்னாடி. தப்பு என்னோடது.”

நீங்கள் வாயைத் திறக்காதிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திராது, அக்கா. மறுநாள் ஏழு பேர் தத்தம் பழைய சோதனைகளைத் தாமாகவே தூக்கிக்கொண்டு வந்தோம். மூன்றில் அதே கோளாறு! ஒப்படைப்பு ஒரு வாரம் தள்ளிப்போனது. லவீனாவின் பதவி உயர்வு தள்ளிப்போகவில்லை.

எல்லாம் திருத்தி மருத்துவமனைக்குப் போனோம். கதவின் குறுக்கே நீட்ட கோட்டியான் ஒரு மூங்கில் குச்சி கொண்டுவந்திருந்தார்.

“குச்சிக்கு வலிக்குமாடா?” என்று அதை ஒதுக்கிவிட்டு, மூடிக்கொண்டிருந்த கதவில் உங்கள் வெறுங்கையை நீட்டினீர்கள். நாங்கள் பதறி முடிப்பதற்குள், உங்கள் கைக்குப் பக்கத்தில் லவீனாவும் தன் கையை நீட்டிவிட்டார்.

கதவு திறந்தது.

அந்தக் கைகளுக்கு நோயும் நோவும் அணுகாதிருக்க! நூறாண்டு கடந்தும் நீங்கள் எங்களை அதட்டிக்கொண்டேயிருக்க!

என்றும் உங்கள் அதட்டலுக்கு ஏங்கும்,
சோதனைப் பிரிவினர்.
எழுதி வாசித்தவர்: லவீனா பின்டோ