சிவப்பு மூடி, நீல மூடி

— காலண்டரை நேராப் பிடிங்க. முதல் வாரம் முழுக்க சிவப்பு மூடி பாட்டில். செவ்வாய்க்கிழமை ஒரு குறி, வெள்ளிக்கிழமை ஒரு குறி. ரெண்டாவது வாரம் நீல மூடி. அதுலயும் திங்கள் ஒண்ணு, சனி ஒண்ணு. மாட்டுப்பால் குடிச்ச வாரமும் ரெண்டு நாள் வயித்து வலி, சோயாப்பால் குடிச்ச வாரமும் ரெண்டு நாள் வயித்து வலி. இதை எடுத்துக்கிட்டு நாளைக்கு டாக்டர்கிட்ட போனா என்ன சொல்வாரு?

— பால் காரணமில்லைம்பாரு.

— அப்புறம்?

— அப்புறம் என்ன, அவர் அன்னிக்கே சொன்னதுதான். வாய் வழியா குழாய் விட்டு உள்ள பார்க்கணும்னு.

— எட்டு வயசுப் பொண்ணுங்க. மயக்க மருந்து கொடுத்து, தொண்டையில குழாய் விட்டு... எனக்கு அதே நினைப்பு. காலையில ஒரு சட்டைக்குக் காலர் வச்சுத் தைச்சேன், தலைகீழா வச்சிருக்கேன்.

— இன்னிக்குக் கட்டம் காலியா இருக்கே?

— காலையில கேட்டேன். வலிக்கலைன்னுட்டா.

— சரி, கத்தாம பேசு, பொண்ணு காதுல விழும். எலிக்குட்டி பக்கத்து ரூம்லதான் படம் வரைஞ்சுக்கிட்டிருக்கு.

— நான் கத்தறேனா? காலையில எழுந்ததுலேர்ந்து யாரு எரிஞ்சு விழுந்துக்கிட்டிருக்கறது? எல்லாம் அந்தப் பாலால வந்தது. அன்னிக்கே சொன்னேன், மாட்டுப்பால் கன்னுக்குட்டிக்குன்னு இருக்கறது, நிறுத்திடலாம்னு.

— அதைச் சொன்னது நீயில்ல, உன் போன்ல வர்ற அந்தத் தாடிக்காரன். அதே போன்லதான் போன மாசம் ஒரு அம்மா வந்து, பால் குடிக்காத குழந்தைக்கு எலும்பு சுண்ணாம்பு மாதிரி உதிரும்னா. அன்னிக்கு நீ ரெண்டு டம்ளர் கொடுத்த.

— ஆமா, கொடுத்தேன். போன வருஷம் அவ கை உடைஞ்சப்ப கட்டுப்போட்ட டாக்டர் பால் நிறையக் கொடுங்கன்னாரு. இந்த வயித்து டாக்டர் சந்தேகமா இருந்தா நிறுத்திப் பாருங்கங்கறாரு. உங்க அக்கா, காய்ச்சாத பால்தான் சத்துன்னு ஆரம்பிச்சுட்டாங்க. நான் யார் பேச்சைத்தான் கேக்கறது? நீங்களாவது ஒரு முடிவு சொல்லலாம்ல? பால் நிலையத்துல பதினாலு வருஷமா பாலைத்தான பரிசோதிக்கறீங்க?

— விஷயம் என்னன்னா, கேனைத் திறந்து ஒரு சொட்டு எடுத்தா கொழுப்பு எவ்வளவு, தண்ணி எவ்வளவு, மாடு என்ன தின்னுச்சுன்னு வரைக்கும் சொல்லிடுவேன். அது என் பொண்ணு வயித்துக்கு ஒத்துக்குமான்னு சொல்லத் தெரியலையே. ஒரு பிள்ளைக்கு ஒத்துக்கும், இன்னொண்ணுக்கு ஒத்துக்காது. அதுக்குத்தான் டாக்டர் ஒரு வாரம் கொடுங்க, ஒரு வாரம் நிறுத்துங்க, வலிக்கிற நாளைக் குறிச்சுட்டு வாங்கன்னாரு.

— குறிச்சாச்சு. ஒண்ணும் விளங்கலை. என்னங்க, ஏன் மூக்கைச் சொறியறீங்க?

— இல்ல... சும்மா.

— சும்மா மூக்கைச் சொறியற ஆளா நீங்க? என்ன பண்ணினீங்க?

— விஷயம் என்னன்னா... எங்க லேபுல பால் வரும்போது பாட்டில்ல பேர் இருக்காது. நம்பர் மட்டும்தான். ஏன்னா, யாரு பண்ணைப் பால்னு தெரிஞ்சா பார்க்கறவன் கண்ணு ஒரு பக்கமா சாயும். எங்க சூப்பர்வைசருக்கு மச்சான் பண்ணைப் பால்னா கொழுப்பு தானா கூடித் தெரியும்.

— அதுக்கும் நம்ம வீட்டுக்கும் என்ன?

— நீ பாலே விஷம்னு முடிவு பண்ணிட்ட. சிவப்பு மூடி வாரத்துல அவ கொட்டாவி விட்டாக்கூட வயித்து வலியான்னு கேப்ப. நீல மூடி வாரத்துல உருண்டு அழுதாலும் ஜலதோஷம்ப. அதனால...

— அதனால?

— தினம் காலையில ஷிஃப்டுக்குப் போறதுக்கு முன்னாடி காசு சுண்டிப் போட்டேன். தலை விழுந்தா பாட்டில்ல மாட்டுப்பால், பூ விழுந்தா சோயாப்பால். மூடி எந்தக் கலரா இருந்தாலும் சரி.

— ஐயோ! என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாமலா?

— சொன்னா அப்புறம் அது என்ன பரிசோதனை?

— அதான் அன்னிக்குக் காய்ச்சறப்ப ஒரு பச்சை வாசனை! நான் தையல் மிஷின் எண்ணெய்தான் கையில ஒட்டியிருக்குன்னு மூணு தடவை சோப்பு போட்டுக் கழுவினேன். பொண்டாட்டியையும் பொண்ணையும் கேன்ல வந்த பால் மாதிரி நம்பர் போட்டு வச்சிருக்கீங்க!

— திட்டு, ஆனா அப்புறமாத் திட்டு. என் சட்டைப் பையில நோட்டு இருக்கு பாரு, எந்தெந்த நாள் எதுன்னு எழுதி வச்சிருக்கேன். எடு.

— எங்க... இந்தாங்க. உங்க கையெழுத்து உங்களுக்கே புரியுமா?

— முதல் வாரம் மாட்டுப்பால் விழுந்தது செவ்வாய், வெள்ளி, ஞாயிறு. உன் குறி எங்க இருக்கு?

— செவ்வாய்... வெள்ளி. என்னங்க!

— இரு இரு. ரெண்டாவது வாரம் திங்கள், புதன், சனி.

— திங்கள் இருக்கு. சனி இருக்கு! நாலு குறியும் பால் குடிச்ச நாள்லதான் விழுந்திருக்கு! அப்ப பால்தான். குழாய் வேண்டாம். ஐயோ, எனக்கு அழுகையா வருதுங்க.

— ஞாயிறும் புதனும் பால் குடிச்சும் வலிக்கலையே?

— ஞாயிறு உங்க அக்கா வந்திருந்தாங்க. காய்ச்சாத பாலைப் பத்தி நமக்குள்ள பெரிய ரகளை. அந்தக் கலவரத்துல பாதிதான் குடிச்சிருப்பா. விடுங்க, ஆறுக்கு நாலு போதாதா?

— போதும், தாராளமாப் போதும். எங்க லேபுல இதை வச்சு ஒரு டேங்கரையே திருப்பி அனுப்பிடுவோம். நாளைக்கு டாக்டர் முன்னாடி நோட்டை விரிச்சு வைக்கறேன் பாரு. ஏன், நீ எதுக்கு இப்ப உட்காந்துட்ட?

— ஒண்ணுமில்ல.

— முகம் ஏன் இப்படிப் போகுது?

— அந்த ரெண்டாவது வாரம்... நோட்டுல எழுதியிருக்கறது பாட்டில்ல இருந்ததுதான?

— பாட்டில்ல இருந்ததைத்தான அவ குடிச்சா?

— குடிக்கலை.

— என்னது?

— கோபப்படாதீங்க. முதல் வாரம் முடிஞ்சதும் எனக்குத் தூக்கம் வரலை. ஒரு வாரம் பாலே இல்லாம இருந்தா அந்த உடைஞ்ச கை என்ன ஆகுமோன்னு பயம். தாடிக்காரன் பேச்சைக் கேட்டுப் பிள்ளையை முடமாக்கிடுவேனோன்னு தோணிச்சு. ஃப்ரிட்ஜுல காய்கறித் தட்டுக்குப் பின்னாடி பால் பாக்கெட் ஒளிச்சு வச்சேன். நீல மூடி பாட்டிலைச் சிங்க்ல கொட்டிட்டு, ஏழு நாளும் பாக்கெட் பால்தான் கொடுத்தேன்.

— ஏழு நாளுமா?

— ரெண்டு ஸ்பூன் சாக்லேட் பவுடர் போட்டுட்டா அவளுக்கு எது எதுன்னு தெரியாது.

— பால் விஷம்னு என்னோட பதினஞ்சு நாளா மல்லுக்கு நின்னுட்டு, நீயே திருட்டுத்தனமா...

— ஆமா! வாய் ஒண்ணு சொல்லிச்சு, மனசு ஒண்ணு சொல்லிச்சு. நீங்க காசு சுண்டுவீங்க, நான் ஒளிச்சு வைக்கக் கூடாதா?

— இரு, என் தலை சுத்துது. திருப்பிக் கணக்குப் போடு. முதல் வாரம் மூணு நாள் பால், ரெண்டு நாள் வலி. ரெண்டாவது வாரம் ஏழு நாளும் பால். வலி?

— ரெண்டு நாள்தான்.

— அப்ப என்ன அர்த்தம்? பால் அதிகமாகக் குடிச்சா வலி குறையுதா?

— என்னைக் கேக்கறீங்களே! லேப்காரர் நீங்கதான?

— இந்த மாதிரி ஒரு ரிப்போர்ட் கொடுத்தா என் லேபை இழுத்து மூடிடுவாங்க. சரி, பாலை விடு. அந்த நாலு நாள்ல வேற என்ன தின்னா? செவ்வாய்க்கிழமை என்ன?

— செவ்வாய் கரண்ட் போச்சே. மூணு பேரும் தரையில உட்காந்து சீட்டு விளையாடினோம். நீங்க கள்ளாட்டம் ஆடினீங்க, அவ விழுந்து விழுந்து சிரிச்சா. அப்புறம்தான் வந்து என் மடியில படுத்துக்கிட்டு வலிக்குதுன்னா.

— வெள்ளிக்கிழமை?

— நீங்க சீக்கிரம் வந்தீங்க. பூங்காவுக்குப் போனோம்.

— அங்க கண்டதை வாங்கித் தின்னாளா?

— ஒண்ணும் வாங்கலை. ஊஞ்சல் ஆடினா, அவ்வளவுதான். திங்கள் நீங்க பட்டன் தைக்கறேன்னு ஊசியை விரல்ல குத்திக்கிட்ட அன்னிக்கு.

— அதைச் சொல்லாத.

— விரல்ல குத்தினதுக்கு அந்தக் குதி குதிச்சீங்களே! எலிக்குட்டிதான் கட்டுப்போட்டு விட்டா. சிரிக்காதீங்க, எனக்கும் சிரிப்பு வருது. சனிக்கிழமை அந்த இருபது யூனிஃபார்மும் தைச்சு முடிச்ச அன்னிக்கு, மொட்டை மாடியில பாய் போட்டு உட்காந்து பேசிக்கிட்டிருந்தோம்.

— நாலும் நல்ல நாளாத்தான் இருக்கு. புதன்?

— புதன் நீங்க கதவை அறைஞ்சுட்டுப் போனீங்க. அன்னிக்கு அவளுக்கு ஒண்ணுமே இல்லை, சத்தமில்லாம பாடம் எழுதிட்டு அவளாவே படுத்துட்டா. வியாழன் நான் சாப்பிடாம படுத்தேன், அன்னிக்கும் நல்லாத்தான் இருந்தா.

— ஒண்ணுத்தோட ஒண்ணு ஒட்டவே மாட்டேங்குது. சரி, நாளைக்கு உள்ளதை உள்ளபடி சொல்லிடுவோம். புருஷன் காசு சுண்டினான், பொண்டாட்டி பாக்கெட் ஒளிச்சா, நீங்களே பார்த்து ஒரு வழி சொல்லுங்கன்னு.

— நம்ம ரெண்டு பேருக்கும்தான் முதல்ல குழாய் விட்டுப் பார்க்கணும்பாரு.

— தலைக்குள்ள விட்டுப் பார்க்கச் சொல்லு. உள்ள ஏதாவது இருக்கான்னு தெரியட்டும்.

— ஐயோ, போதும்ங்க, சிரிச்சு சிரிச்சு எனக்கே வயிறு வலிக்குது. யாரு... எலிக்குட்டியா? ஏண்டா கதவு பின்னாடி நிக்கற? வா.

— அம்மா, சண்டை முடிஞ்சிருச்சா?

— முடிஞ்சிருச்சுடா தங்கம். அப்பாவும் நானும் ராசி ஆயிட்டோம்.

— நிஜமா? அப்பா, நீயும் சொல்லு.

— நிஜமாடா. சும்மா பேசிக்கிட்டிருக்கோம், பாரு.

— அப்ப இன்னிக்குக் கட்டத்துலயும் குறி போட்டுடும்மா. வலிக்குது.

— காலையில கேட்டப்ப இல்லைன்னியே? இப்பதான் ஆரம்பிச்சுதா?

— காலையிலயே வலிச்சுது. தினமும்தாம்மா வலிக்கும். நீங்க சண்டை போடாத அன்னிக்கு மட்டும்தான் சொல்லுவேன்.